கீரைதானே என்று சொல்லாதீர்கள்!



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது தோழிகள் பலரும் பெரிய பெரிய தலைப்புகளாகச் சொன்னார்கள். சூரிய ஒளி மின்சாரம், மின்சாரக் கார், செயற்கை நுண்ணறிவு என்று பட்டியல் நீண்டது. "நீ என்னடி எழுதப் போறே?" என்று கேட்டார்கள். "கீரை" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். "சமையல் குறிப்பா?" என்றாள் ஒருத்தி. சிரித்தவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முதலாம் ஆண்டு சேர்ந்த அன்று நிரப்பச் சொன்ன படிவத்தில் 'தாயார் தொழில்' என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதினேன். அது பொய். என் அம்மா கீரைக்காரி.

வல்லம் என்றால் பலரும் தஞ்சாவூர்ப் பக்கத்து வல்லத்தை நினைக்கிறார்கள். நான் சொல்வது நம் விழுப்புரம் மாவட்டத்து வல்லம். செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே, மழையை நம்பி மல்லாட்டை போடுகிற ஊர்கள் நிறைந்த ஒன்றியம். அங்கே ஏரிக்கரை ஓரம் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து, பாத்தி கட்டிக் கீரை விதைத்து, விடியுமுன் பிடுங்கி, கட்டுக் கட்டி, முதல் பஸ்ஸில் திண்டிவனம் போய்த் தெருத்தெருவாக விற்றுவிட்டு வருவார் அம்மா. அப்பா கொத்து வேலை. அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். ஆயா கைநாட்டு. எங்கள் குடும்பத்தில் ஒரு கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். என் பீஸும் பஸ் காசும் ரெக்கார்டு நோட்டும் கீரைக் கட்டில் இருந்து வந்தவை. அந்தக் கீரையைத்தான் படிவத்தில் மறைத்தேன்.

இன்று மறைக்காமல் எழுதுவதற்குக் காரணம் வெட்கம் போய்விட்டது என்பது மட்டுமல்ல. கீரையைப் பற்றி ஒரு தவறு செய்துவிட்டேன். படித்தவள் என்ற திமிரில் செய்த தவறு. அதைச் சொன்னால் உங்களில் ஒருவராவது அதே தவறைச் செய்யாமல் இருப்பீர்கள்.

ஒரு கட்டுக்குள் எத்தனை பேர்?

நாம் கடையில் 'கீரை' என்று ஒரே சொல்லில் கேட்கிறோம். அம்மாவிடம் அப்படிக் கேட்டால், "எந்தக் கீரம்மா?" என்றுதான் திருப்பிக் கேட்பார். முளைக்கீரை இருபது, இருபத்தைந்து நாளில் வேரோடு பிடுங்குவது. தண்டுக்கீரை இன்னும் பல நாள் விட்டு, தண்டு முற்றாமல் எடுப்பது. அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். சிறுகீரை இலை சின்னது, ருசி தனி. இவையெல்லாம் நாம் விதைப்பவை. விதைக்காமலே வருபவை வேறு. குப்பைமேட்டில் குப்பைக்கீரை, வேலியோரம் முள்ளுக்கீரை.

தாவரவியல் நூல்களில் இவை அத்தனையும் ஒரே குடும்பம். 'அமராந்தஸ்' என்பது குடும்பப் பெயர் மாதிரி. உலகம் முழுவதும் இதில் ஏறக்குறைய 70 இனங்கள் உண்டு. தண்டுக்கீரைக்கு ஒரு நூலில் 'அமராந்தஸ் கேஞ்சட்டிகஸ்' என்றும் இன்னொரு நூலில் 'அமராந்தஸ் டிரைகலர்' என்றும் பெயர் போட்டிருக்கும். இரண்டும் ஒன்றுதான். கங்கையின் பெயரைத் தாங்கிய இந்தக் கீரை நம் ஆசியாவுக்கே உரியது. முள்ளுக்கீரை 'ஸ்பைனோசஸ்', குப்பைக்கீரை 'விரிடிஸ்'. முள்ளுக்கீரை அமெரிக்க வெப்ப நாடுகளில் இருந்து புறப்பட்டு, யாரும் கூப்பிடாமலே நம் வேலிக்கு வந்து குடியேறியது.

ஒரே இனத்துக்குள்ளும் வேறுபாடுகள் பல. எங்கள் பாத்தியிலேயே தண்டு பச்சையாக ஒன்று, இலை நடுவில் சிவப்பு மை தெளித்தது போல ஒன்று, வேர் முதல் நுனி வரை சிவப்பாக ஒன்று என்று இருந்தன. அந்தச் சிவப்புக்குக் காரணம் பீட்ரூட்டில் இருக்கும் அதே வகை நிறமி. வெயில் தாங்குவது ஒன்று, தண்ணீர் தேங்கினால் சீக்கிரம் அழுகுவது ஒன்று, சீக்கிரம் பூப்பது ஒன்று, தாமதமாகப் பூப்பது ஒன்று. இதைத்தான் விஞ்ஞானிகள் மரபணுப் பன்முகத்தன்மை என்கிறார்கள். பெயர் கேட்டால் பயமாக இருக்கிறது. விஷயம் அம்மாவின் விதை முடிச்சுக்குள் இருந்ததுதான்.

சீரிஸும் பேரலலும்

இது எதற்கு முக்கியம் என்று நம் பாடத்தை வைத்தே சொல்கிறேன். பல்புகளை சீரிஸில் இணைத்தால் ஒன்று பியூஸ் ஆனதும் எல்லாம் அணைந்துவிடும். பேரலலில் இணைத்தால் ஒன்று போனாலும் மற்றவை எரியும். செலவும் வயரும் கொஞ்சம் கூடும். ஆனாலும் வீட்டு வயரிங்கை யாரும் சீரிஸில் செய்வதில்லை.

ஒரு வயல் முழுக்க ஒரே குணம் கொண்ட செடிகள் இருந்தால் அது சீரிஸ் இணைப்பு. ஒரு நோய்க்கு ஒரு செடி விழுந்தால் அத்தனையும் விழும். பல குணம் கலந்து நின்றால் அது பேரலல். பாதி போனாலும் பாதி நிற்கும். விளைச்சல் கணக்கில் ஒரு படி குறையலாம். ஆனால் அடுப்பு அணையாது.

இது கற்பனை இல்லை. 1970களில் ஆசிய நாடுகளின் நெல் வயல்களைப் 'புல் குட்டை' என்ற வைரஸ் நோய் தாக்கியது. புது ரக நெல் எதற்கும் எதிர்ப்புச் சக்தி இல்லை. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தது. தாங்கியது ஒன்றே ஒன்று. உத்தரப்பிரதேசத்தில் எடுக்கப்பட்ட 'ஒரைசா நிவாரா' என்ற காட்டு நெல்! மணி உதிர்ந்துவிடும், விளைச்சல் இல்லை, களை என்று ஒதுக்கத்தக்க ஒரு புல். அதன் எதிர்ப்புக் குணத்தைச் சேர்த்துத்தான் 1976-ல் ஐ.ஆர். 36 வந்தது. பல கோடி ஏக்கரில் பயிராகி ஆசியாவுக்கே சோறு போட்ட ரகம் அது. அந்தக் காட்டு நெல்லை யாரோ ஒருவர் 'புல்தானே' என்று விட்டிருந்தால்?

முள்ளுக்கீரை யாருக்குச் சொந்தம்?

கீரையிலும் அப்படி ஒரு கதை இருக்கிறது. கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட 'கோ 1' கீரை ரகம் 'அமராந்தஸ் டூபியஸ்' என்ற இனத்தைச் சேர்ந்தது. செடிகளின் குரோமோசோம்களை எண்ணிப் பார்த்தவர்களுக்கு இந்த டூபியஸ் ஒரு புதிராக இருந்தது. மற்ற கீரைகளில் 32 அல்லது 34 குரோமோசோம்கள். இதில் மட்டும் 64. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! லக்னோவில் இருந்த தேசியத் தாவரவியல் தோட்டத்தில் டி.என். கோஷூ, மொகிந்தர் பால் ஆகியோர் 1960களில் இதை ஆராய்ந்தார்கள். வெவ்வேறு இனங்களைச் சேர்ந்த இரண்டு கீரைகள் இயற்கையாகக் கலந்து, குரோமோசோம்கள் இரட்டித்துப் பிறந்ததே டூபியஸ் என்பது விளக்கம். அந்த இரண்டு பெற்றோரில் ஒன்று எது தெரியுமா? முள்ளுக்கீரை!

பிரமுகர்கள் வருகிறார்கள் என்றால் நம் கல்லூரி மைதானத்தில் முதலில் வெட்டி எறியப்படும் அந்த முள்ளுக்கீரைதான். நாம் காசு கொடுத்து வாங்கும் ஒரு கீரையின் தாயோ தகப்பனோ அது. சொந்தக்காரனை அடையாளம் தெரியாமல் வாசலில் இருந்து துரத்துகிறோம்.

காட்டுக் கீரைக்குள் எவ்வளவு சக்தி ஒளிந்திருக்கிறது என்று அமெரிக்க விவசாயிகளைக் கேட்டால் அழுதுகொண்டே சொல்வார்கள். 'பால்மேரி' என்ற காட்டுக் கீரை அங்கே பருத்தி, சோயா வயல்களில் பெரிய களை. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை அடித்துக் கட்டுப்படுத்தி வந்தார்கள். 2005-ல் ஜார்ஜியா மாநிலத்தில் அந்த மருந்துக்குச் சாகாத பால்மேரி இருப்பது உறுதியானது. எப்படித் தப்பியது என்று 2010-ல் கண்டுபிடித்தார்கள். மருந்து எந்த மரபணுவைக் குறிவைத்துத் தாக்குகிறதோ, அதே மரபணுவை அந்தச் செடி நகல் மேல் நகலாகப் பெருக்கி வைத்திருந்தது. சில செடிகளில் 160-க்கும் மேற்பட்ட நகல்கள்! லட்சக்கணக்கான செடிகளில் ஏதோ சிலவற்றுக்கு அந்தக் குணம் இருந்தது. மற்றவை செத்தன, அவை மட்டும் விதை போட்டன. விவசாயிக்கு அது கேடு. ஆனால் பாடம் என்ன? வேறுபாடு உள்ள கூட்டத்தை எதனாலும் முழுதாக அழிக்க முடிவதில்லை.

அந்தக் குணத்தை நன்மைக்கும் திருப்ப முடியும். தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் அசிஸ் தத்தா குழுவினர் தானியக் கீரையின் விதையில் இருந்து சத்துள்ள ஒரு புரதத்தின் மரபணுவை 1992-ல் பிரித்தெடுத்தார்கள். அதை உருளைக்கிழங்கில் சேர்த்து, புரதம் கூடியதை 2000-ல் அறிவித்தார்கள். அந்தக் கிழங்கை வயலுக்குக் கொண்டுவரலாமா என்பது தனி வாதம். அதற்குள் நான் போகவில்லை. 2014-ல் பெங்களூர் விஞ்ஞானிகள் ஒரு கீரை இனத்தின் முழு மரபணுத் தொகுதியை வரைவாகப் படித்து வெளியிட்டார்கள். கீரைக்கு அதுவே முதல் முறை. உலகமே உற்றுப் பார்க்கிற செடியைத்தான் நாம் 'கீரைதானே' என்கிறோம்.

போகித் தீயில் போட்டது

இனி என் கதை.

எங்கள் வீட்டுப் பரண் மேல் ஒரு சுரைக்குடுக்கை இருந்தது. அதற்குள் சின்னச் சின்னத் துணி முடிச்சுகள். சாம்பல் கலந்த கீரை விதை. ஆயா காலத்தில் இருந்து வருகிறது. கீரை விதை கடுகை விடச் சின்னது. ஒரு கிராமில் ஆயிரத்துக்கு மேல் இருக்கும். மணலோடு கலந்துதான் தூவ முடியும். ஒரு முடிச்சில் ரத்தச் சிவப்புத் தண்டுக்கீரை விதை. ஆயா செத்துப்போன பிறகும் ஒவ்வொரு வருஷமும் அம்மா அதில் ஒரு பிடி போட்டு, நாலு நல்ல செடியை விதைக்கு விட்டு, திரும்ப முடிந்து வைப்பார்.

முதலாம் ஆண்டில் நான் பாக்கெட் விதையின் லேபிளைப் படித்துப் பார்த்தேன். சுத்தம் இத்தனை சதவீதம், முளைப்பு இத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருந்தது. எனக்குப் பிடித்துவிட்டது. "அம்மா, அந்த அழுக்கு முடிச்ச தூக்கிப் போடு. இனிமே பாக்கெட்டுதான். எல்லாம் ஒரே சீரா வரும்" என்றேன். அம்மா தயங்கினார். "நீ படிச்சவ, உனக்குத் தெரியும்" என்று விட்டுவிட்டார். 2024 ஜனவரியில் போகி அன்று பரணைச் சுத்தம் செய்தேன். பழைய பாய், கிழிந்த முறம், அதோடு அந்தக் குடுக்கையையும் தீயில் போட்டேன். விதை படபடவென்று பொரிந்தது. தம்பி கைதட்டினான். அம்மா அடுப்படியில் இருந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டும். பாக்கெட் கீரை நன்றாகவே வந்தது. ஒரே உயரம், ஒரே பச்சை, கட்டு அழகாக நின்றது. சில மாதம் நல்ல காசு. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். ஐப்பசி மழையில் இலைக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகக் கொப்புளம் கிளம்பியது. வெண்துரு நோய். ஒரு பாத்தியில் கண்டது நாலே நாளில் எல்லாப் பாத்திக்கும் வந்தது. ஒரு கட்டுக்கூட விற்க முடியவில்லை. விதை விற்றவர் மேல் நான் குறை சொல்ல மாட்டேன். கேட்டதைத்தான் அவர் கொடுத்தார். ஒரே சீராக வேண்டும் என்று கேட்டவள் நான். நோயும் ஒரே சீராக வந்தது.

ஆயாவின் கலப்பு விதையாக இருந்தால் தப்பியிருக்குமா? அடித்துச் சொல்ல முடியாது. பத்தில் நாலு தப்பியிருக்கலாம், தப்பாமலும் போயிருக்கலாம். நான் எரித்தது அந்த 'லாம்' என்ற வாய்ப்பைத்தான்.

அடுத்து வந்தது பெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நம் மாவட்டம் பட்ட பாடு நம் எல்லோருக்கும் தெரியும். மீண்டும் விதைத்து வைத்திருந்த பாத்திகள் இருந்த இடமே தெரியவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு கையில் விதையும் இல்லை, காசும் இல்லை.

அப்போது யார் வந்தது தெரியுமா? வரப்பில் முள்ளுக்கீரையும் குப்பைக்கீரையும் தாமாக முளைத்தன. காட்டுக் கீரை விதை மண்ணுக்குள் பல வருஷம் உயிரோடு கிடக்கும். அமெரிக்காவில் மிச்சிகனில் 1879-ல் ஒரு பேராசிரியர் விதைகளைப் பாட்டிலில் அடைத்துப் புதைத்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தோண்டி முளைக்கவைத்துப் பார்க்கும் சோதனையைத் தொடங்கினார். அதில் ஒரு காட்டுக் கீரை விதை 40 ஆண்டு கழித்தும் முளைத்தது. எங்கள் வரப்பில் வந்ததும் அப்படிக் கிடந்த விதையாக இருக்கலாம். முள்ளை ஒதுக்கி இளம் இலையைக் கிள்ளி அம்மா கடைந்தார். ஒரு வாரம் அதுதான் எங்களுக்குக் குழம்பு. சாப்பிடும்போது எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

கொடுத்த விதை திரும்பி வந்தது

தைப் பொங்கல் முடிந்து அம்மா ஒருநாள் அத்தை ஊருக்குப் போனார். பல வருஷத்துக்கு முன்னால் ஆயா அங்கே பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு பிடி சிவப்புத் தண்டுக்கீரை விதை கொடுத்திருந்தாராம். அந்த வீட்டுப் பாட்டி இன்னும் அதை விதைத்துக்கொண்டிருந்தார். ஒரு முடிச்சு வாங்கி வந்தோம்.

விதைத்தோம். முளைத்து வந்ததைப் பார்த்ததும் என் முகம் வாடிவிட்டது. பாதிக்கு மேல் பச்சை. சிலது வெளிர் சிவப்பு. ஆயாவின் ரத்தச் சிவப்பு ஒன்றுகூட இல்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. கீரையில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே செடியில் உண்டு. பெரும்பாலும் தன் மகரந்தத்தையே ஏற்கும். ஆனால் காற்றில் பக்கத்துச் செடி மகரந்தமும் வந்து சேரும். அந்தப் பாட்டி பச்சைக் கீரையையும் பக்கத்திலேயே போட்டிருந்தார். பல வருஷம் கலந்து கலந்து இப்படி ஆகிவிட்டது.

அம்மா கலங்கவில்லை. "இருக்கறதுல நல்லா செவந்தது எதுன்னு பாரு. அத மட்டும் விதைக்கு உடுவோம்" என்றார். அப்படியே செய்தோம். அடுத்த முறை சிவப்பு கொஞ்சம் கூடியது. அதற்கடுத்த முறை இன்னும் கொஞ்சம். ஆயாவின் சிவப்பு இன்னும் வரவில்லை. வருமா என்பதும் தெரியாது.

அம்மா செய்ததற்கு ஒரு பெயர் உண்டு என்று பிறகு படித்தேன். கூட்டுத் தேர்வு. நம் திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது அல்லவா? 'டி.எம்.வி.' என்று ஆரம்பிக்கும் மல்லாட்டை, எள் ரகங்கள் எல்லாம் 'திண்டிவனம்' என்ற பெயரின் சுருக்கம்தான். 1940-ல் வெளியாகி நாடு முழுவதும் பேர் வாங்கிய டி.எம்.வி. 2 மல்லாட்டையை, குடியாத்தம் கொத்து என்ற நாட்டு ரகத்தில் இருந்து இதே கூட்டுத் தேர்வு முறையில்தான் எடுத்தார்கள். ஆராய்ச்சி நிலையம் செய்ததும் கையெழுத்து மட்டுமே தெரிந்த என் அம்மா செய்ததும் ஒரே காரியம். அங்கே அதற்குப் பதிவேடு இருக்கிறது. இங்கே இல்லை. அதுதான் வித்தியாசம்.

பழசு எல்லாம் பொன்னா?

"அப்படியானால் பாக்கெட் விதையே வேண்டாம் என்கிறாயா? விஞ்ஞானத்துக்கு எதிராகப் பேசுகிறாயா?" என்று சிலர் கேட்கலாம். இல்லவே இல்லை. விளைச்சல் தருகிற ரகம் ஏழைக்குத் தேவை. என் பீஸை அதுவும் கட்டியிருக்கிறது. நாட்டு விதை என்பதாலேயே நோய் வராது, சத்து அதிகம் என்றெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை.

நான் சொல்வது ஒன்றுதான். புது ரகம் வானத்தில் இருந்து குதிப்பதில்லை. பெங்களூர் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் 'அர்கா அருணிமா' என்ற சிவப்புக் கீரை, நம் நாட்டில் சேகரித்த விதையில் இருந்து தேர்ந்தெடுத்தது. அதே நிறுவனத்தின் 'அர்கா சுகுணா' வெண்துருவை ஓரளவு தாங்கும். அது தைவானில் இருந்து வந்த விதையில் பிறந்தது. எங்கோ ஒரு கிராமத்தில் யாரோ ஒரு ஆயா முடிந்து வைத்ததுதான் விஞ்ஞானியின் மேசைக்குப் போகிறது. ஊரில் உள்ளது அழிந்தால் விஞ்ஞானி எதில் இருந்து எடுப்பார்? நம் வீட்டு விதையைக் காப்பது விஞ்ஞானத்துக்கு எதிரி அல்ல. விஞ்ஞானத்துக்கு மூலப்பொருள்.

"தில்லியில் தேசியத் தாவர மரபு வளப் பணியகம் இருக்கிறதே, குளிர் அறையில் விதைகளைப் பாதுகாக்கிறார்களே" என்றும் கேட்கலாம். நல்ல காரியம்தான். ஆனால் குளிர் அறையில் விதை தூங்குகிறது. வயலில் இருக்கும் விதைதான் ஒவ்வொரு வருஷமும் புது வெயிலையும் புது நோயையும் பார்த்துப் பழகுகிறது. இரண்டும் வேண்டும்.

அறுந்த இடம் எது?

யோசித்துப் பார்த்தேன். பஞ்சத்திலும் வெள்ளத்திலும் இந்த விதை தப்பி வந்திருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஒரு தலைமுறையிடம் இருந்து அடுத்த தலைமுறைக்குக் கை மாற்றி வந்திருக்கிறார்கள். சங்கிலி அறுந்தது எங்கே? படித்த முதல் ஆளிடம். என்னிடம்!

நம் கல்லூரியில் என்னைப் போல் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள் எத்தனையோ பேர். வீட்டில் அம்மா, அப்பா நம் பேச்சைத் தட்டமாட்டார்கள். "படிச்ச பிள்ளை சொல்லுது" என்று கேட்டுக்கொள்வார்கள். அந்த நம்பிக்கை பெரிய அதிகாரம், நண்பர்களே. அதை வைத்து எரிக்கவும் முடியும், காக்கவும் முடியும்.

என்ன செய்யலாம்? என் சிறு அறிவுக்கு எட்டியதைச் சொல்கிறேன்.

முதலாவது, இந்த விடுமுறையில் வீட்டுக்குப் போனதும் பரணைப் பாருங்கள். அம்மாவையும் ஆயாவையும் கேளுங்கள். என்ன விதை, யார் கொடுத்தது, எப்போது விதைப்பது, என்ன குணம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நமக்கு எழுதத் தெரியும். அவர்களுக்கு இல்லாமல் போனது அது ஒன்றுதான்.

இரண்டாவது, விதை எடுக்கும்போது ஒரே ஒரு செடியில் எடுக்காதீர்கள். பத்து, இருபது செடியில் எடுத்தால்தான் வேறுபாடு தங்கும். இரண்டு ரகத்தைப் பக்கத்தில் பக்கத்தில் பூக்க விடாதீர்கள், எங்களுக்கு ஆனது போல் ஆகும். இடம் இல்லை என்றால் ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் விதையுங்கள். எங்கள் அம்மா சொல்வது இன்னொன்று: "நல்லத வித்துட்டு நோஞ்சான விதைக்கு உடாத."

மூன்றாவது, 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் ஒரு மேலாண்மைக் குழு அமைத்து, 'மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு' தயாரிக்க வேண்டும். உங்கள் ஊராட்சியில் அந்தப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். இருந்தால் அதில் உங்கள் ஊர்க் கீரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதிக் கொடுங்கள். நம் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் கோயில் வளாகம் பெருக்குகிறோம், மரக்கன்று நடுகிறோம். ஒரு முகாமில் வீடு வீடாகப் போய் விதைக் கணக்கு எடுத்தால் என்ன?

நான்காவது, கொடுங்கள். விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பகிரவும் விவசாயிக்கு உரிமை உண்டு என்று 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டமே சொல்கிறது. எங்கள் வீட்டு விதை எங்கள் பரணில் பிழைக்கவில்லை. ஆயா அடுத்த வீட்டுக்குக் கொடுத்ததால்தான் கொஞ்சமாவது பிழைத்தது. பூட்டி வைத்தது எரிந்தது, கொடுத்தது திரும்பி வந்தது!

முடிக்கும் முன் ஒரு வார்த்தை. மூன்றாம் ஆண்டு தொடக்கத்தில் மறுபடியும் ஒரு படிவம் கொடுத்தார்கள். தாயார் தொழில் என்ற இடத்தில் 'கீரை சாகுபடி, விதை பாதுகாப்பு' என்று எழுதினேன். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "விதைப் பாதுகாப்பா? அதான் நீ எரிச்சிட்டியே" என்று சிரித்தார். ஒரு வருஷத்துக்கு மேல் அடக்கி வைத்திருந்த சொல், சிரிப்போடுதான் வந்தது. நானும் சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன்.

பரணில் இப்போது புதுக் குடுக்கை தொங்குகிறது. அதில் ஏழு முடிச்சு இருக்கிறது. ஒவ்வொன்றிலும் என் கையெழுத்தில் ஒரு சீட்டு. வெளிர் சிவப்புத் தண்டுக்கீரை விதை வேண்டும் என்பவர்கள் என் வகுப்புக்கு வந்து கேளுங்கள். ஒரு பிடி தருகிறேன். ஒரே ஒரு நிபந்தனை: அடுத்த வருஷம் நீங்கள் இன்னொருவருக்கு ஒரு பிடி கொடுக்க வேண்டும்.



மூன்றாம் ஆண்டு மின்னியல் மாணவி, வல்லம்